அக்கா தங்கைகள் கூரை மாற்றிய வீடு யாருக்கு? (ஆப்பிரிக்கப் பெண்களும் சொத்துரிமையும்)

கபரோனிவாசி | இழை தொடக்கம்

வணக்கம். போட்ஸ்வானாவின் தலைநகர் கபரோனியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். பதினோரு வருடமாகிறது. வழக்கமாக இங்கே விசா, வாடகை, நல்ல அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் எழுதுவேன். இன்றைக்கு வேறு கதை.

எங்கள் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் பார்க்கும் அம்மா ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். போன வாரம் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டால், அவருடைய அம்மா இறந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம், அதற்குள் கடைசித் தம்பி வந்து ஊர் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டானாம். தகரக் கூரையை மாற்றியது, குழாய் இழுத்தது, வேலி போட்டது எல்லாம் இவரும் இவர் தங்கையும். தம்பி சொல்லும் ஒரே வார்த்தை, "வழக்கம்". அந்தப் பகுதியில் வாழும் பாங்வாகெட்சே மக்களிடம் குடும்ப வீடு கடைசி மகனுக்குப் போவதுதான் வழக்கமாகச் சொல்லப்படுவது.

வேடிக்கை என்னவென்றால், இதே பிரச்சினைக்கு, இதே மக்களிடையே, இந்த நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. எடித் மூசி என்ற மூதாட்டியும் அவருடைய மூன்று சகோதரிகளும் தொடுத்த வழக்கு. கான்யே ஊரில் பெற்றோர் வீடு. பராமரித்தது சகோதரிகள். அண்ணன் முறையானவரின் மகன், நம் கணக்கில் மருமகன், அந்த வீட்டில் குடியிருந்ததே இல்லை, ஆனாலும் வீடு தனக்கே என்று வந்தார். ஊர் வழக்கத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லும் கீழ் வழக்காற்று நீதிமன்றம் மருமகன் பக்கம். அடுத்த படி, வீடு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது என்றது. அதற்கடுத்த படி, திரும்பவும் மருமகன் பக்கம். பந்து மாதிரி உருண்டு 2012 அக்டோபரில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கீ டிங்காகே முன் வந்தது. சகோதரிகள் ஜெயித்தார்கள். மருமகன் மேல்முறையீடு போனார். 2013 செப்டம்பரில் அதுவும் தள்ளுபடி. அப்போது எடித் மூசிக்கு வயது 80.

இதைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்தார். "எனக்கும் தெரியும். ஆனால் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு கோட்லாவில் போய் நின்றால், குடும்பத்தை வெள்ளைக்காரன் கோர்ட்டுக்கு இழுத்தவள் என்பார்கள்" என்றார். (கோட்லா என்பது ஊர்த் தலைவர் முன்னால் கூடும் சபை. நம் ஆலமரத்தடி மாதிரி, ஆனால் அரசாங்க அங்கீகாரம் உள்ளது.)

ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள், இருந்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சட்டம் வந்த பிறகும் அந்த அம்மா ஏன் சாப்பாட்டை மூடி வைக்க வேண்டியிருக்கிறது?

மேலூர் வக்கீல்

நல்ல இழை. மூசி வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அரசுத் தரப்பு வாதம். இந்த வழக்கம் பெண்களைப் பாகுபடுத்துகிறது என்பதை அட்டர்னி ஜெனரல் தரப்பு மறுக்கவே இல்லை. சமூகம் இன்னும் சமத்துவத்துக்குத் தயாராகவில்லை என்றுதான் வாதாடியது. வீட்டுக்காரியிடம் போய், "அம்மா, வீடு உங்களுடையதுதான், ஆனால் ஊர் தயாராகட்டும்" என்று சொல்வது மாதிரி. எண்பது வயதில் இன்னும் எவ்வளவு காலம் காத்திருப்பார்?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1960களில் விடுதலை பெற்ற பல ஆப்பிரிக்க நாடுகளின் அரசமைப்புகளில் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். முதலில் பாகுபாடு கூடாது என்று ஒரு பிரிவு. அதன் கீழேயே, திருமணம், மணவிலக்கு, இறந்தவர் சொத்து, வழக்காற்றுச் சட்டம் ஆகியவற்றுக்கு இது பொருந்தாது என்று ஒரு விதிவிலக்கு. போட்ஸ்வானாவில் 15ஆம் பிரிவு, சாம்பியாவிலும் பிறகு ஜிம்பாப்வேயிலும் 23ஆம் பிரிவு. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் உரிமை தேவைப்படுகிற இடங்களே திருமணமும் சொத்தும்தானே. அவற்றைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ஓட்டுப் போடுவது.

அந்த ஓட்டை ஒரு பெண்ணை என்ன செய்தது என்பதற்கு ஜிம்பாப்வேயின் வீனியா மகாயா. தந்தை உயில் எழுதாமல் இறந்தார். வீனியா மூத்த மகள். கீழ் நீதிமன்றம் முதலில் அவரையே வாரிசாக்கியது. அப்புறம் இன்னொரு தாயின் மகனான தம்பி வந்து, ஆண் இருக்கும்போது பெண் எப்படி வாரிசாகலாம் என்றார். 1999இல் உச்ச நீதிமன்றம் தம்பிக்கே வீட்டைக் கொடுத்தது. வழக்காற்றுக்கு அரசமைப்பே விலக்கு தந்திருக்கிறது என்பதுதான் காரணம். உலகம் முழுக்கக் கண்டனம் வந்தது, வீனியாவுக்கு வீடு வரவில்லை. 2013 அரசமைப்பில்தான் அந்த விலக்கை எடுத்தார்கள்.

சும்மா வந்தவன்

ஒரு மாற்றுக் கருத்து, அடிக்க வராதீர்கள். அவர்களுக்கு என்று ஒரு பண்பாடு இருக்கிறது. கடைசி மகனுக்கு வீடு என்றால், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவனுக்குத்தானே? பெண் கல்யாணமாகி வேறு குடும்பத்துக்குப் போகிறாள். நிலம் வெளியே போய்விடும். இது ஒரு ஏற்பாடு. ஐரோப்பிய அளவுகோலை எடுத்துப்போய் எல்லா இடத்திலும் வைத்துப் பார்ப்பது சரியா?

லுசாக்கா நாட்கள்

சும்மா வந்தவன் தம்பி, அடிக்கவில்லை. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2000களின் தொடக்கத்தில் சாம்பியாவில் தாதியாக இருந்தேன். எய்ட்ஸ் சாவுகள் உச்சத்தில் இருந்த காலம். ஆண்கள் வார்டில் ஒருவர் விடியற்காலையில் இறந்தார். மனைவி இரண்டு நாளாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர். சடங்கு முடிவதற்குள் கணவரின் உறவுக்காரர்கள் ஒரு லாரியோடு வந்து கட்டில், மெத்தை, குளிர்பெட்டி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டார்கள். தையல் இயந்திரம் அந்தப் பெண் சம்பாதித்து வாங்கியது. ஒரு வாரம் கழித்து மாத்திரைக்கு வந்தபோது அவரே சொன்னார், அழவில்லை. "சட்டியைக்கூட விடவில்லை சிஸ்டர்" என்றார். அந்தச் சட்டி இன்னும் என் மனதில் இருக்கிறது.

நீங்கள் சொல்கிற ஏற்பாட்டில் பாதிதான் அன்று நடந்தது. எடுப்பது நடந்தது. விதவையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்ற மறுபாதி, லாரியில் ஏறவில்லை.

அப்போதே சட்டம் இருந்தது. 1989ஆம் ஆண்டுச் சட்டம். உயில் இல்லாமல் இறந்தால் பிள்ளைகளுக்கு 50 விழுக்காடு, மனைவிக்கு 20, பெற்றோருக்கு 20, அண்டி வாழ்ந்த மற்றவர்களுக்கு 10. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்காற்று நிலத்துக்கு அது பொருந்தாது, அதாவது கிராமத்தில் பெரும்பாலான நிலத்துக்கு. குடும்ப வீட்டில் மனைவிக்கு உயிருள்ளவரை உரிமை உண்டு, மறுமணம் செய்தால் போய்விடும். ஆக, சட்டமே அந்தப் பெண்ணிடம் சொல்வது, தனியாக இருக்கும் வரைக்கும் இரு என்பதுதான்.

தீர்ப்புகளைப் பெரிதாகப் பேசும் வக்கீல் சாருக்கு என் கேள்வி: அந்தப் பெண் எந்தப் பஸ் ஏறி, எந்தக் காசில், எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

மேலூர் வக்கீல்

அக்கா, நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்குத் துணையாக இன்னொன்றும் தருகிறேன். நைஜீரியாவில் உகேஜே என்ற, இக்போ இனத்தைச் சேர்ந்த குடும்பத்தலைவர் 1981 டிசம்பரில் லாகோசில் உயிலில்லாமல் இறந்தார். மகள் கிளாடிஸ் பங்கு கேட்டார். மகளுக்குப் பங்கில்லை என்பது இக்போ வழக்காறு. அந்த வழக்காறு அரசமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரலில். ஒவ்வொரு படியிலும் மகளே ஜெயித்தார், ஆனாலும் அப்பா போய் முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. எதிரே நின்றது யார் தெரியுமா? இறந்தவரின் மனைவியும் மகனும். இதை ஆண் பெண் சண்டையாக மட்டும் எழுதிவிட முடியாது.

ஆனால் ஒரு தீர்ப்பு தானாகக் கிராமத்துக்கு நடந்து போகாவிட்டாலும், அடுத்த வழக்குக்கு வழி வெட்டி வைக்கிறது. மூசி வழக்குக்கு அந்த வழியை வெட்டியவர் யூனிட்டி டவ். கபரோனிவாசிக்குத் தெரிந்திருக்கும், அந்த ஊரில் தெரியாதவர் இருக்க முடியாது. வழக்கறிஞர், அமெரிக்கரை மணந்தவர். 1984 குடியுரிமைச் சட்டத்தால், போட்ஸ்வானாவிலேயே பிறந்தும், திருமணத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அவர் நாட்டுக் குடியுரிமை கிடைக்கவில்லை. ஒரு போட்ஸ்வானா ஆண் வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டியிருந்தால் சிக்கலே இல்லை. எங்கள் சமூகம் ஆண்வழிச் சமூகம், அதனால்தான் பாகுபாட்டுப் பட்டியலில் 'பால்' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டோம் என்றது அரசு. 1991இல் உயர் நீதிமன்றம், 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டும் டவ் பக்கம். 1995இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1998இல் அவரே உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

வடமராட்சிக்காரி

சும்மா வந்தவன் சொன்ன "அவர்களுக்கு என்று ஒரு பண்பாடு" என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். எந்தப் பண்பாடு? யார் சொன்னது? யாரிடம் கேட்டு எழுதியது?

எங்கட தேசவழமையை, யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கோ. 1707இல் ஒல்லாந்து அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழமைகளை எழுதித் தொகுத்தார். சரிதானா என்று பார்க்க 12 முதலியார்களிடம் (உள்ளூர்த் தலைமைக்காரர்களிடம்) கொடுத்தார்கள். பன்னிருவரும் ஆண்கள். தாய் வழியாக மகளுக்குச் சீதனமாக நிலம் வருவது எங்கட வழமை. அதாவது பெண்ணுக்குச் சொத்து உண்டு, உறுதியும் அவள் பேரில். ஆனால் விற்கவோ ஈடு வைக்கவோ கணவன் கையெழுத்து வேண்டும். என் அம்மம்மாவின் காணியைப் பள்ளிக்கூடத்துச் செலவுக்காக ஈடு வைக்க, எட்டு வருடமாக வீட்டுக்கே வராத அம்மப்பாவைத் தேடிக் கொழும்புக்குப் போனார்கள். வழமை என்றால் அதுதான் எனக்கு. ஒரு கையால் தருகிறது, மறு கையில் பேனாவைப் பிடுங்குகிறது.

ஆப்பிரிக்காவிலும் ஆங்கிலேயர் இதே வேலையைத்தான் செய்தார்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டு, உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டு எழுதினார்கள். கிழவர்கள் சொன்னது புத்தகமானது. சூழலுக்கு ஏற்ப வளைந்துகொண்டிருந்த பேச்சு, அச்சில் ஏறிக் கல்லாகிவிட்டது. பிறகு கோர்ட்டில் அந்தப் புத்தகத்தைக் காட்டி, இதுதான் தொன்றுதொட்டு வந்தது என்கிறார்கள்.

கபரோனிவாசி

வடமராட்சிக்காரி அக்கா, மூசி மேல்முறையீட்டுத் தீர்ப்பில் ஏறக்குறைய நீங்கள் சொன்னதுதான் வருகிறது! உயர் நீதிமன்றம், வழக்கம் அரசமைப்புக்கு முரண் என்றது. மேல்முறையீட்டு நீதிபதிகள் வேறு பாதையில் போனார்கள். பெண் வாரிசாகவே முடியாது என்று பாங்வாகெட்சே வழக்கம் அவ்வளவு இறுக்கமாகச் சொல்லவில்லை, வழக்கம் காலத்தோடு மாறுவது, வீட்டை யார் பராமரித்தார்கள் என்பதையும் பார்க்கும் என்றார்கள். எங்கள் அலுவலக அம்மாவிடம் இதை விளக்கினேன். "அப்படியென்றால் நான் வழக்கத்தை மீறவில்லையா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி கேட்டபோது முகமே வேறாக இருந்தது.

பஹிர்தார் வாத்தியார்

எத்தியோப்பியாவில் கல்லூரி ஆசிரியராக இருந்தவன். (அங்கே எந்தக் கல்லூரிக்குப் போனாலும் நம்மூர் வாத்தியார் ஒருவர் இருந்த காலம் அது.) கோர்ட்டுக்குப் போகாத வழி ஒன்றைச் சொல்கிறேன்.

2000களில் அங்கே நிலத்துக்குச் சான்று கொடுத்தார்கள். நிலம் அரசுடையது, குடும்பத்துக்கு உழும் உரிமைதான். அம்ஹாரா பகுதியில் அந்தக் கைப்புத்தகத்தில் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கும், இருவர் புகைப்படமும் ஒட்டியிருக்கும். என் மாணவன் ஒருவனின் ஊருக்குப் போனபோது அவன் அம்மா பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். பெயரைக் காட்டவில்லை, படத்தைக் காட்டினார். யாராவது வந்து இது உன் நிலமில்லை என்றால் எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை, முகத்தைக் காட்டினால் போதும். எந்த அதிகாரிக்குத் தோன்றிய யோசனையோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

ருவாண்டாவும் 1999இல் மகளுக்கும் மகனுக்கும் சம வாரிசுரிமை தந்து, 2009 முதல் சில ஆண்டுகளில் நாடு முழுக்க ஒரு கோடி மனைகளுக்கு மேல் பதிவு செய்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும். ஆனால் அங்கே ஒரு முள். சட்டப்படி பதிவான திருமணத்துக்குத்தான் அது. கோயிலில் மட்டும் தாலி கட்டியவர்கள் மாதிரி, சர்ச்சிலோ ஊர் வழக்கப்படியோ மட்டும் சேர்ந்து வாழ்ந்த பெண்கள் அதற்கு வெளியே நின்றார்கள். இரண்டாம், மூன்றாம் மனைவிகளைச் சொல்லவே வேண்டாம்.

சும்மா வந்தவன்

சரி, எழுதப்பட்ட வழக்கம் வேறு, வாழும் வழக்கம் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆப்பிரிக்காவில் தாய்வழிச் சமூகங்களும் உண்டே? அங்கே பெண்கள் ராணிகளா?

மேலூர் வக்கீல்

இல்லை. கானாவின் அகான் மக்கள் தாய்வழியினர். ஆண் இறந்தால் அவன் சொத்து அவனுடைய தாயின் குடும்பத்துக்கு, பெரும்பாலும் அக்கா மகனுக்குப் போகும். கூடவே இருந்து கொக்கோ தோட்டத்தில் களை பறித்த மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றுமில்லை, ஏனென்றால் அவர்கள் வேறு குலம்! 1985இல் தனிச் சட்டம் போட்டுத்தான் வீட்டையும் வீட்டுப் பொருட்களையும் மனைவி மக்களுக்கு என்றாக்கினார்கள். தாய்வழி என்பது குலம் எந்த வழியாக எண்ணப்படுகிறது என்பது. சாவி யார் இடுப்பில் என்பது வேறு.

லுசாக்கா நாட்கள்

மலாவியின் செவா மக்களிடம் கொஞ்சம் பரவாயில்லை என்று கேள்வி. அங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டு ஊருக்குக் குடிபோவான், நிலம் அம்மாவிடமிருந்து மகளுக்கு. என்னோடு வேலை செய்த செவாக்காரத் தாதி ஒருத்தி, "எங்கள் ஊரில் சண்டை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது ஆண்பிள்ளை" என்று பெருமையடித்துக்கொள்வாள். அதே வாயால், நிலத்தைப் பற்றி முடிவெடுப்பது தாய்மாமன் என்பதையும் சொல்வாள். நம்மூர்த் தாய்மாமன்கள் நினைவுக்கு வந்தார்கள்.

வடமராட்சிக்காரி

பெண் குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தென்னாப்பிரிக்காவில் பே என்ற குடும்பத்தின் வழக்கு. கேப் டவுனுக்கு வெளியே கயெலிட்சாவில் ஒரு குடிசை. அப்பா அரசு மானியத்தில் மனையும் கட்டுமானப் பொருளும் வாங்கி, வீடு கட்டுவதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா வீட்டு வேலை செய்பவர். இரண்டு சிறுமிகள். வழக்காற்றுப்படி மூத்த ஆண் உறவுதான் வாரிசு என்று தாத்தா வந்து, மனையை விற்று ஈமச் செலவைக் கட்டப் போகிறேன் என்றார். அப்பாவை அடக்கம் செய்த கடனுக்கு மகள்களின் கூரை! 2004 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் ஆண் மூத்த வாரிசு முறையையே செல்லாது என்றது.

அதே நீதிமன்றம் 2008இல் இன்னொரு வழக்கில், வலோயி மக்கள் தாங்களாகவே கூடித் தங்கள் தலைமைப் பதவியைப் பெண்ணுக்கு, ஷிலுபானாவுக்கு, கொடுத்ததைச் செல்லும் என்றது. தங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை அந்த மக்களுக்கே உண்டு என்று. சும்மா வந்தவன், பண்பாட்டை மதிப்பது என்றால் எனக்கு இதுதான்.

சும்மா வந்தவன்

அக்கா, ஒப்புக்கொண்டேன். என் தங்கை இந்த இழையைப் படிக்காமல் இருக்கட்டும். 😄

மேலூர் வக்கீல்

ரொம்ப இனிப்பாக வேண்டாம். லெசோத்தோவில் பாரம்பரியத் தலைவர் ஒருவரின் மூத்த மகள் செனெட் மசூபா தலைமைப் பதவி கேட்டு 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றார். பெண்களின் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மபூட்டோ நெறிமுறை 2003இல் வந்தது, 2005 முதல் நடைமுறையில் இருக்கிறது. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, விதவைக்கு நியாயமான பங்கு என்று தெளிவாகவே சொல்கிறது. காகிதத்தில் குறையே இல்லை.

கபரோனிவாசி, உங்கள் அலுவலக அம்மாவுக்கு நடைமுறையாக ஒன்று. மூசி தீர்ப்பில் பராமரிப்பு முக்கியமாகப் பார்க்கப்பட்டது என்றீர்கள். தகரம், சிமெண்ட், குழாய் வாங்கிய ரசீதுகள் இருக்கின்றனவா? அங்கத்திய சட்டம் தெரிந்த வக்கீலிடம் போகும்போது கையில் அதுதான் இருக்க வேண்டும்.

கபரோனிவாசி

கேட்டேன். இன்று காலை ஒரு பிஸ்கட் டப்பாவையே கொண்டுவந்துவிட்டார். மதியம் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். கணக்குக்காரன் புத்தி, தேதி வாரியாக அடுக்கினேன்.

மொத்தம் 31 ரசீது. இவர் பெயரில் 6. தங்கை பெயரில் 3. பெயரே இல்லாமல் 'ரொக்கம்' என்று மட்டும் 13. மீதி 9, பெரிய தொகைகள் எல்லாம், தம்பி பெயரில். ஏன் என்றால், பணம் அனுப்பியது இவர், வண்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது தம்பி. கடைக்காரர் எதிரே நிற்பவன் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்தது. முன்பு ஒரு முறை தன் பெயரில் மனைக்கு விண்ணப்பிக்கப் போனபோது, கணவருக்கு ஏற்கெனவே மனை இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். திருமணமான பெண்ணுக்குத் தனியாக உரிமை உண்டு என்று இங்கே நிலக்கொள்கையைத் திருத்தியது 2020 செப்டம்பரில்தான். அதனால்தான் அவர் இருந்த காசையெல்லாம் அம்மா வீட்டில் போட்டிருக்கிறார்.

மேலூர் வக்கீல்

அந்த 9 ரசீதின் தேதிகளுக்கு முந்தைய இரண்டு மூன்று நாட்களில் அவர் வங்கிக் கணக்கிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ தம்பிக்குப் பணம் போயிருக்கும். அந்தப் பட்டியலை எடுக்கச் சொல்லுங்கள். ரசீதுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக வையுங்கள்.

கபரோனிவாசி

சனிக்கிழமை அவர் தங்கையும் வருகிறார். வங்கிக் காகிதங்களோடு. டப்பா இப்போதைக்கு என் அலமாரியில், பூட்டி வைத்திருக்கிறேன்.